போல்ட்டை அளந்த பிறகு பெட்டியை வாங்குங்கள்

கேள்வி: என்னிடம் 2014ஆம் ஆண்டு வாங்கிய 100 சிசி பைக் ஒன்றும், காலஞ்சென்ற என் தந்தையாரின் 1976ஆம் ஆண்டு புல்லட் ஒன்றும் உள்ளன. பணி ஓய்வுக்குப் பின் இரண்டையும் நானே பராமரிக்க விரும்புகிறேன். தந்தையாரின் மரப்பெட்டியில் அறுபதுக்கும் மேற்பட்ட ஸ்பேனர்கள் துருவேறிக் கிடக்கின்றன; பலவற்றில் பொறித்துள்ள எண்கள் எனக்குப் புரியவில்லை. இணையத்தில் 216 உருப்படிகள் கொண்ட டூல் செட் பாதி விலையில் கிடைக்கிறது. பழையதை எடைக்குப் போட்டுவிட்டு அதை வாங்கிவிடலாமா? எங்கள் தெரு மெக்கானிக், கடைக்கு உடன் வந்து நல்லதாகப் பார்த்து வாங்கித் தருவதாகச் சொல்கிறார். வாங்கியவற்றை எப்படி அடுக்கி வைப்பது?

— வாசகர், தூத்துக்குடி

பதில்: பழையதை எடைக்குப் போடாதீர்கள். 216 உருப்படிப் பெட்டியையும் வாங்காதீர்கள். உங்கள் கேள்விக்கு விடை இந்த இரண்டு வரிதான் என்றாலும், காரணம் தெரியாவிட்டால் அடுத்த தள்ளுபடி விற்பனையில் நீங்கள் மனம் மாறிவிடக்கூடும் என்பதால் விளக்கிவிடுகிறேன்.

216 என்ற எண்ணிக்கை எப்படி வருகிறது என்று பாருங்கள். அத்தகைய பெட்டிகளில் ஸ்க்ரூடிரைவரின் நுனியில் மாட்டும் சிறு பிட்டுகள் ஒவ்வொன்றும் ஓர் உருப்படியாக எண்ணப்படுகின்றன. அறுகோணக் குழியுள்ள போல்ட்டைத் திருப்பும் வளைந்த கம்பியான ஆலன் கீ ஒன்பது இருந்தால் ஒன்பது. நட்டின் மேல் தொப்பி போலக் கவிழும் சாக்கெட்டுகள் 4 மில்லிமீட்டரில் தொடங்கி 32 வரை வரிசையாக நிற்கும். அவற்றில் பாதிக்கு உங்கள் வண்டியில் வேலையே இல்லை. நம் ஊரில் ஓடும் 100 சிசி பைக்குகளில் பெரும்பாலானவை ஜப்பானிய வடிவமைப்பின் வழி வந்தவை. ஜப்பானியர்கள் தண்டுத் தடிமன் 6 மி.மீ. உள்ள போல்ட்டுக்கு 10 மி.மீ. அகலத் தலையும், 8 மி.மீ. போல்ட்டுக்கு 12 மி.மீ. தலையும், 10 மி.மீ. போல்ட்டுக்கு 14 மி.மீ. தலையும் வைப்பார்கள். ஆகவே 8, 10, 12, 14, 17, 19 ஆகிய ஆறு அளவுகள் கையில் இருந்தால் வண்டியின் பெரும்பகுதியைக் கழற்றி மாட்டிவிடலாம். ஐரோப்பியக் கார்களில் அடிக்கடி வரும் 13 உங்களுக்கு அபூர்வமாகவே தேவைப்படும்.

இந்த ஆறு அளவுகளில் ஒரு பக்கம் ரிங்கும் மறுபக்கம் வாயும் உள்ள ஸ்பேனர்கள், 10-க்கும் 12-க்கும் ஒவ்வொரு டி ஸ்பேனர், 16 மி.மீ. பிளக் ஸ்பேனர், 2ஆம் எண்ணிலும் 3ஆம் எண்ணிலும் ஒவ்வொரு ஸ்டார் ஸ்க்ரூடிரைவர், ஒரு தட்டை ஸ்க்ரூடிரைவர், ஒரு கட்டிங் பிளையர், ஒரு நோஸ் பிளையர், 4, 5, 6 அளவில் ஆலன் கீ, அரைக் கிலோ சுத்தியல் ஒன்று. முதல் ஆண்டுக்கு இவை போதும். இவற்றை உதிரியாகவே வாங்குங்கள். பிறகு எந்த வேலையில் எது இல்லாமல் திண்டாடுகிறீர்களோ, அதை அந்த வாரமே போய் வாங்கிக்கொள்ளலாம்.

சாக்கெட் வாங்குவதானால் உள்ளே ஆறு மூலை உள்ளதைக் கேளுங்கள். பன்னிரண்டு மூலை சாக்கெட் மாட்டுவதற்கு எளிது; ஆனால் துருப்பிடித்த நட்டில் அது மூலைகளை மட்டுமே பிடிப்பதால் தலையை உருட்டிவிடும். மலிவுப் பெட்டிகள் சிலவற்றில் இருப்பது இதுதான்.

பளபளப்பைப் பார்த்தும் ஏமாற வேண்டாம். குரோமிய முலாம் எந்த இரும்பின்மீதும் ஏறும். உறுதியான எஃகைக் குறிக்கும் ‘குரோம் வெனேடியம்’ என்ற எழுத்துகளைப் பொறிக்க ஓர் அச்சு இருந்தால் போதும், அந்த எஃகு இருக்க வேண்டியதில்லை. நெடுஞ்சாலை ஓரத்தில் காரை நிறுத்தி, “ஜெர்மன் செட் சார், கண்காட்சியில் மிஞ்சியது, ஊருக்குத் திரும்ப டீசலுக்குப் பணமில்லை” என்று சூட்கேஸைத் திறந்து காட்டுபவரிடம் படித்தவர்களே ஏமாறுவதைப் பார்த்து அலுத்துவிட்டேன். பெட்டியின் மேல் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் படிக்காதீர்கள்; அடியில் உள்ள சிறு எழுத்தைப் படியுங்கள். இறக்குமதிப் பொருளானால் எந்த நாட்டில் செய்தது, இறக்குமதி செய்தவரின் பெயரும் முகவரியும் என்ன, அதிகபட்ச விலை என்ன என்பவற்றை அச்சிட்டே ஆகவேண்டும் என்பது சட்டம். அவை இல்லையென்றால் பொருளைக் கீழே வைத்துவிடலாம். பில் வாங்கத் தயங்காதீர்கள். மண்வெட்டிக்கு வரி இல்லை, ஸ்பேனருக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. என்று வைத்திருக்கிறார்கள், சொந்த வண்டியைச் சொந்தக் கையால் பழுது பார்ப்பவனும் உழைப்பவன்தான் என்பது யாருக்கும் தோன்றவில்லை. அந்த வரியை மிச்சம் பிடிக்க பில் இல்லாமல் வாங்கிவிட்டு, மூன்றாம் நாள் ஸ்பேனரின் வாய் விரிந்ததும் 1915 நுகர்வோர் உதவி எண்ணை அழைத்தால், முதலில் அவர்கள் கேட்பது பில்லைத்தான்.

இனி உங்கள் தந்தையாரின் பெட்டி. உங்களுக்குப் புரியாத அந்த எண்கள் 1/4, 5/16, 3/8 என்று பின்னத்தில் இருந்து, பக்கத்தில் ‘டபிள்யூ’ அல்லது ‘பி.எஸ்.’ என்ற ஆங்கில எழுத்துகளும் இருக்குமானால், அந்த ஸ்பேனர்களைத் தனியே எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் இங்கிலாந்தின் ரெட்டிட்ச் ஊரைச் சேர்ந்த ராயல் என்ஃபீல்டு நிறுவனமும் சேர்ந்து 1955இல் என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கியபோது, வண்டியோடு அதன் போல்ட் அளவுகளும் கப்பலேறி வந்தன. ஜோசப் விட்வொர்த் என்ற ஆங்கிலேயர் 1841இல் முன்மொழிந்த மரை (போல்ட்டின் திருகுச் சுற்று) முறையும், அதன் வழிவந்த மற்ற பிரிட்டிஷ் முறைகளும் பழைய புல்லட்டில் நெடுங்காலம் நீடித்தன.

இதில் குழப்பம் எங்கே வருகிறதென்றால், மில்லிமீட்டர் ஸ்பேனரில் எழுதியிருப்பது வாயின் அகலம். விட்வொர்த் ஸ்பேனரில் எழுதியிருப்பது போல்ட்டின் தண்டுத் தடிமன். 1/4 டபிள்யூ என்று போட்ட ஸ்பேனரின் வாய் கால் அங்குலம் இராது, 0.525 அங்குலம், அதாவது 13.3 மில்லிமீட்டருக்குச் சற்று மேல் இருக்கும். அதே ஸ்பேனரின் மேல் 5/16 பி.எஸ். என்றும் சேர்த்துப் பொறித்திருப்பார்கள். ஏனென்றால் பிற்காலத்தில் வந்த நுண்மரைப் போல்ட்டுகளுக்குத் தலையை ஓர் அளவு சிறியதாக்கிவிட்டார்கள். ஒரே ஸ்பேனருக்கு இரண்டு பெயர், இரண்டும் சரி. அந்தத் தலையில் 13 மி.மீ. ஸ்பேனர் நுழையாது. 14 நுழையும்; ஆனால் அரை மில்லிமீட்டருக்கு மேல் ஆட்டம் இருக்கும். “14 போட்டாலே திரும்புது சார்” என்று சொல்லும் மெக்கானிக்குகள் கைவைத்த பழைய புல்லட்டுகளை, நட்டுகளின் மூலைகள் தேய்ந்து உருண்டையாகி இருப்பதைப் பார்த்தே அடையாளம் கண்டுகொள்ளலாம்.

மரையிலும் இதே ஆபத்து உண்டு. 5/16 அங்குலம் என்பது 7.94 மி.மீ. கண்ணுக்கு அது 8 மி.மீ. போல்ட் போலவே தெரியும்; இரண்டு சுற்றுகள் கையாலேயே ஏறவும் செய்யும். ஆனால் மரைக்கு மரை உள்ள இடைவெளி வேறு. மரையின் கோணமும் விட்வொர்த்தில் 55 பாகை, மில்லிமீட்டர் போல்ட்டில் 60 பாகை. மூன்றாவது சுற்றில் இறுகுவதை “புது போல்ட், அப்படித்தான் இருக்கும்” என்று ஸ்பேனர் வைத்துத் திருகினால், அலுமினிய உறையின் மரை முழுவதும் சுருள் சுருளாக வெளியே வந்துவிடும். ஆகவே புல்லட்டில் எந்தப் போல்ட்டையும் குறைந்தது நான்கைந்து சுற்றுகள் விரலால் மட்டுமே ஏற்றிப் பாருங்கள். இன்னொன்று, ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகளில் பல கைகள் அந்த வண்டியைத் தொட்டிருக்கும். சில இடங்களில் மில்லிமீட்டர் போல்ட்டையே அடித்து ஏற்றியிருப்பார்கள். அகலத்தைத் துல்லியமாக அளக்கும் வெர்னியர் காலிப்பர் ஒன்று வாங்கி, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் செலவழித்து, ஒவ்வொரு தலையையும் அளந்து ஒரு நோட்டில் எழுதிவிடுங்கள். பிளக்கையும் மறக்காதீர்கள், 100 சிசி வண்டிக்கு வாங்கும் 16 மி.மீ. பிளக் ஸ்பேனர் புல்லட்டின் 21 மி.மீ. பிளக்கில் ஏறாது. பெட்டியில் விடுபட்டுப்போன விட்வொர்த் அளவுகளைச் சென்னைப் பக்கம் வரும்போது, பழைய வாகன உதிரிபாகங்கள் விற்கும் புதுப்பேட்டையில் தேடிப் பாருங்கள். புதிதாக வாங்குவதைவிடப் பழையதில் நல்ல எஃகு கிடைக்க வாய்ப்பு அதிகம்.

துருவைப் போக்கக் கழிவறை ஆசிட்டில் ஊறப்போடுவது நம் ஊரில் ஒரு கெட்ட வழக்கம். அந்த அமிலம் கெட்டிப்படுத்திய எஃகை நொறுங்கும்படி செய்துவிடும். அதன் புகை அதே அறையில் உள்ள நல்ல இரும்பையும் இரண்டே நாளில் துருவாக்கும். சாதாரண வினிகரில் ஓர் இரவு ஊறவைத்து, காலையில் பித்தளைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, சமையல் சோடா கரைத்த நீரில் அலசி, உடனே துடைத்து வெயிலில் காயவைத்து, மெல்லிய எண்ணெய் பூசுங்கள். பிறகு ஒவ்வொன்றின் வாயையும் காலிப்பரால் அளந்து பாருங்கள்: 12 என்று எழுதிய ஸ்பேனரின் வாய் பன்னிரண்டரை ஆகிவிட்டிருந்தால் அதை மட்டும் எடைக்குப் போடலாம்.

புதிதாகப் பழகுபவர்கள் வண்டியைக் கெடுப்பது பெரும்பாலும் கழற்றும்போது அல்ல, இறுக்கும்போதுதான். 6 மி.மீ. போல்ட்டுக்குச் சுமார் 10 நியூட்டன் மீட்டர் இறுக்கம் போதும், 14 செ.மீ. நீளமுள்ள 10 நம்பர் ஸ்பேனரின் நுனியில் ஏழு கிலோ எடை தொங்கினால் எவ்வளவோ அவ்வளவுதான் அது. நம் ஆட்கள் அதை முழங்கை வலுவோடு இறுக்குவார்கள். எவ்வளவு இறுக்குகிறோம் என்பதை அளக்கும் டார்க் ரெஞ்ச் வாங்கினால், கடைக்காரர் எடுத்துக் காட்டும், சாக்கெட் மாட்டும் முனை அரை அங்குலம் உள்ள பெரிய ரெஞ்சை வாங்காதீர்கள். அவற்றில் பெரும்பாலானவை 25, 30 நியூட்டன் மீட்டருக்குக் கீழே அளப்பதே இல்லை. 5 முதல் 25 வரை அளக்கும் சிறியது உங்களுக்குப் போதும். வேலை முடிந்ததும் அதைக் குறைந்தபட்ச எண்ணுக்குத் திருப்பி வையுங்கள். அதைக் கொண்டு நட்டைக் கழற்றாதீர்கள். ஒவ்வொரு போல்ட்டுக்கும் எவ்வளவு இறுக்கம் என்ற பட்டியல் ஒர்க்‌ஷாப் கையேட்டில் இருக்கும். அந்தக் கையேட்டை வண்டி வாங்கியவருக்குக் கொடுக்க மாட்டார்கள். உங்களுக்குக் கொடுக்கும் புத்தகத்தில் பக்கத்துக்குப் பக்கம் “அங்கீகரிக்கப்பட்ட சேவை மையத்தை அணுகவும்” என்றுதான் இருக்கும். பணம் கொடுத்து வாங்கிய வண்டியின் போல்ட்டை எவ்வளவு இறுக்குவது என்பது அரச ரகசியமா என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அடுக்கி வைப்பதற்கு வருகிறேன். மரப்பெட்டி நல்லதுதான்; அதில் விரித்திருக்கும் சாக்கை முதலில் எடுத்து எறியுங்கள். உப்பளக் காற்று வீசும் ஊரில் சாக்கு, செய்தித்தாள், ரெக்சின் மூன்றும் ஈரத்தைப் பிடித்து வைக்கும். பெட்டியைச் சிமெண்டுத் தரையில் வைக்காமல் இரண்டு மரக்கட்டைகளின் மேல் வையுங்கள். பேட்டரியையோ அதன் சார்ஜரையோ அதே அலமாரியில் வைக்க வேண்டாம். புல்லட்டுக்கு உரிய ஸ்பேனர்களின் நடுவில் சிவப்புப் பெயின்டில் ஒரு பட்டை போடுங்கள், மற்றவற்றுக்கு நீலம். இரண்டும் ஒரே தட்டில் கலக்கக் கூடாது. சீட் கவர் தைக்கும் கடையில் கேன்வாஸ் துணி கொடுத்து, ஒவ்வொரு ஸ்பேனருக்கும் ஒரு பை வருமாறு வண்டிக்கு ஒன்றாக இரண்டு சுருள் உறைகள் தைத்துக்கொள்ளலாம். பையின்மேல் எண்ணை மார்க்கரால் எழுதிவிட்டால், சுருட்டும்போது எது காலியாக இருக்கிறது என்பது தானாகவே தெரியும். நான் வேலை பார்த்த டூல் ரூமில் ஒரு கருவியை எடுப்பவர் தன் எண் பொறித்த பித்தளை டோக்கனை அந்த இடத்தில் மாட்டிவிட்டுத்தான் போக முடியும். மாலையில் டோக்கன் தொங்கினால் அவர் வீட்டுக்குப் போக முடியாது. வீட்டில் அவ்வளவு கெடுபிடி தேவையில்லை என்றாலும், இரவல் வாங்கியவரின் பெயரை ஒரு சீட்டில் எழுதி அந்தக் காலிப் பைக்குள் செருகி வையுங்கள். கழற்றிய போல்ட்டுகளுக்குப் பழைய இட்லித் தட்டைவிடச் சிறந்த பாத்திரம் இல்லை. கழற்றிய வரிசையிலேயே குழிக்குக் குழி போட்டு வைத்து, மாட்டும்போது கடைசிக் குழியிலிருந்து எடுங்கள்.

மெக்கானிக்கைக் கடைக்கு அழைத்துச் செல்வது பற்றிக் கேட்டிருந்தீர்கள். நான் ஓய்வு பெற்ற புதிதில் பக்கத்து வீட்டுப் பையனுக்கு டூல்ஸ் வாங்கித் தர ஒரு கடைக்குப் போனேன். என் நகக்கண்ணில் இருந்த கிரீஸைப் பார்த்து என்னை மெக்கானிக் என்று நினைத்துக்கொண்ட கடைக்காரர், தனியே அழைத்து, “அண்ணே, பில்லுல உங்களுக்கு எவ்வளவு சேர்த்துப் போடட்டும்?” என்று மெல்லக் கேட்டார். வழக்கம் அப்படி. உங்கள் தெருக்காரர் நல்லவராகவே இருக்கலாம். ஆயினும் அந்தக் கேள்வி எழும் இடத்தில் அவரை ஏன் நிறுத்த வேண்டும்? கடைக்கு நோட்டோடு தனியாகப் போங்கள். அவருக்கு அரைநாள் கூலி கொடுத்து, பைக்கின் பின்சக்கரத்தைக் கழற்றி மாட்டுவதை உங்கள் எதிரில் ஒருமுறை செய்துகாட்டச் சொல்லி, எந்த நட்டுக்கு எந்த ஸ்பேனரை எடுக்கிறார் என்று அதே நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.