தைராய்டு கண்ணுக்கு எம்.ஆர்.ஐ. எதற்கு?

கேள்வி: என் ஆத்தாவுக்கு வயது 56. தைராய்டு அதிகமாகி மாத்திரை சாப்பிடுகிறார். சில மாதங்களாக இரண்டு கண்ணும் துருத்திக்கொண்டு நிற்கின்றன. வளவில் நின்று அண்ணாந்து பார்த்தால் ஒரு தூண் இரண்டாகத் தெரிகிறதாம். சி.டி. ஸ்கேனில் கண் தசை தடித்திருப்பதாகச் சொன்னார்கள். இப்போது மதுரையில் எம்.ஆர்.ஐ.யும் கேட்கிறார்கள். செலவுக்கு மேல் செலவு தேவையா?
– வாசகி, தேவகோட்டை

பதில்: தேவைதான். தசை தடித்திருப்பதை சி.டி. காட்டிவிட்டது, தடிப்பு எந்த நிலையில் இருக்கிறது என்பதை அதில் சரியாகப் பிரிக்க முடியாது. அழற்சியால் நீர் கோத்த தசையும், அழற்சி ஆறித் தழும்பாகி இறுகிய தசையும் அதில் ஏறக்குறைய ஒன்றுபோல் இருக்கும். வைத்தியமோ வேறு வேறு. நீர் கோத்த நிலையில் மெத்தில்பிரட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு ஊசி கேட்கும்: வழக்கமாக வாரம் 500 மி.கி. வீதம் 6 வாரம், பிறகு 250 மி.கி. வீதம் 6 வாரம். தழும்பான தசைக்கு அதையே ஏற்றினால் சர்க்கரை ஏறுவதுதான் மிச்சம். அங்கே இரட்டைப் பார்வையை ஒன்றாக்கும் பிரிசம் கண்ணாடி, நோய் அடங்கி 6 மாதமாவது மாறாமல் இருந்தபின் தசை அறுவை என்றுதான் போக வேண்டும்.

எம்.ஆர்.ஐ.யில் எஸ்.டி.ஐ.ஆர். என்ற படமுறை கண்ணைச் சுற்றியுள்ள கொழுப்பின் வெளிச்சத்தை அடக்கிவிடும். நீர் கோத்த தசை வெள்ளையாகப் பளிச்சிடும். தழும்பு கறுத்தே இருக்கும். இந்தப் படத்துக்கு கான்ட்ராஸ்ட் மருந்து ஊசி தேவையில்லை. அண்ணாந்தால் இரட்டையாகத் தெரிவதால் கண்ணின் கீழ்த்தசை மீதுதான் முதல் சந்தேகம். இந்நோய் அதிகம் தாக்குவதும் அதைத்தான். வெண்மையை நெற்றிப்பொட்டுத் தசையோடு ஒப்பிட்டு எண்ணாக எழுதிய ரிப்போர்ட்டே பயன்படும். சீட்டில் 'ஆர்பிட்' (கண் குழி) என்று இருக்கிறதா பாருங்கள். மூளைக்கு எடுக்கும் 5 மி.மீ. தடிமனான படத் துண்டுகள் போதாது, 3 மி.மீ.க்கு மிகாமல் வேண்டும்.

பேஸ்மேக்கர் இருந்தால் முன்பே சொல்லுங்கள். ஜரிகைச் சேலை வேண்டாம். திருகு இறுகிய வைரத்தோடு, மூக்குத்தியை முதல் நாளே கழற்றிவிடுங்கள். ஸ்கேன் அறை வாசலில் மல்லுக்கட்ட முடியாது. கண் மையையும் சுத்தமாகத் துடைக்க வேண்டும். கடை மையில் இரும்புச் சேர்மம் இருந்தால் இமையருகே படம் நெளியும். உள்ளே கண்ணை மூடி, விழியை உருட்டாமல் படுக்கச் சொல்லுங்கள். உருட்டினால் தசையின் ஓரம் கலங்கி, அளவெடுக்க முடியாமல் போகும்.

பார்வை மங்கினாலோ, சிவப்பு நிறம் வெளுத்துத் தெரிந்தாலோ ஸ்கேன் தேதிக்குக் காத்திருக்காதீர்கள். தடித்த தசைகள் கண் நரம்பை நெரிக்கலாம். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள்.

பழைய சி.டி. படத்தைப் பத்திரப்படுத்துங்கள். கண் குழி எலும்பை எடுத்து இடம் ஏற்படுத்தும் அறுவை வந்தால், எலும்பைத் தெளிவாகக் காட்டுவது சி.டி.தான்.