கமிட்டி கையெழுத்துப் போட்டால் நாங்களும் சம்மதித்ததாகுமா?

கேள்வி: இலங்கையில், நிலாவெளியில் ஒரு ஹோட்டலில் வேலை செய்கிறேன். நிர்வாகம் புது ரோஸ்டர் (வேலை நேர அட்டவணை) போட்டிருக்கிறது. காலையில் 4 மணித்தியாலம், பின்னேரம் 5 மணித்தியாலம் வேலை. பில்லில் வாடிக்கையாளரிடம் வாங்கும் சேர்விஸ் சார்ஜில் எங்கள் பங்கையும் குறைத்துவிட்டார்கள். கேட்டால், "உங்கட ஊழியர் கமிட்டி ஓம் எண்டு கையெழுத்து வைச்சிருக்கு" என்கிறார்கள். கமிட்டிக்கு ஆட்களைத் தெரிவு செய்ததே மனேஜர்தான். என்ன செய்யலாம்?

பதில்: அன்றாட நிர்வாகத் தீர்மானங்கள் பெரும்பாலும் முதலாளியின் கையில்தான். ஆனால் உங்கள் நியமனக் கடிதத்தில் உள்ள நிபந்தனையை உங்கள் சம்மதமின்றிக் குறைப்பது வேறு விஷயம். மனேஜர் பொறுக்கி எடுத்த கமிட்டி உங்களுக்காகச் சம்மதம் சொல்ல முடியாது. சேர்விஸ் சார்ஜ் பற்றிக் கடிதத்தில் என்ன இருக்கிறது, இதுவரை எப்படிப் பிரித்தார்கள் என்று பாருங்கள். பழைய சம்பளச் சிட்டைகளை எறியாதீர்கள்.

நேரத்தைப் பொறுத்தவரை, கடை, அலுவலக ஊழியர் சட்டப்படி சாப்பாட்டு நேரம் நீங்கலாக நாளுக்கு 8, வாரத்துக்கு 45 மணித்தியாலம். ஒன்பதாவது மணித்தியாலத்துக்கு ஓவர்டைம் தரவேண்டும், கமிட்டி என்ன எழுதினாலும் சரி.

நிர்வாகம் உங்களோடு உட்கார்ந்து பேசியே ஆகவேண்டும் என்றால் தொழிற்சங்கம் வேண்டும். பதிவு செய்ய 7 பேர் போதும். ஏற்கெனவே உள்ள சங்கத்தில் சேர்வது இன்னும் சுலபம். சங்கம் யாருக்காகப் பேசுகிறதோ அந்த ஊழியர்களில் 40 வீதத்தினர் உறுப்பினராக இருந்தால், முதலாளி பேச மறுப்பது கைத்தொழில் பிணக்குகள் சட்டத்தின் 32அ பிரிவில் குற்றம். 1999ஆம் ஆண்டுத் திருத்தத்தில் வந்தது இது. 30 பேருக்கு 12 பேர் போதும். சங்கத்தில் சேர்ந்ததற்காக மட்டும் வேலையால் நிறுத்துவதும் அதே பிரிவில் தடை. எங்கள் பக்கத்து ஹோட்டல்களில் சீசன் முடிய ஆட்கள் குறைந்துவிடுவார்கள், ஆகவே உறுப்பினர் பட்டியலை ஒழுங்காக வைத்திருங்கள். 40 வீதம் இல்லை என்றுதான் நிர்வாகம் முதலில் சொல்லும்.

இப்போதைக்கு, மாற்றத்துக்குச் சம்மதமில்லை என்று பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பி, பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். வேலைக்குத் தொடர்ந்து போங்கள். அசையாவிட்டால் தொழில் திணைக்களத்தில் முறையிடுங்கள். கோபத்தில் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வருகிறவர்களுக்கு வாதாடுவது பெரும்பாடு. அவர்களே வேலையால் நிறுத்தினால், வேலைநீக்க முறைப்பாடுகளை விசாரிக்கும் தொழில் நியாய சபையில் 6 மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும்.