நிலத்தை விற்பதற்கு முன் ஒரு மேப்

பெங்களூர் அல்சூரிலிருந்து வந்த அம்மாவுக்கு,

மகளை என்ன படிக்க வைப்பது என்று கேட்டு அவளோடு போன வாரம் வந்த உங்களுக்குத் தைரியம் சொல்லித்தான் அனுப்பினேன். அது போதாது என்று பிறகு பட்டது. மேனேஜ்மென்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட் வாங்கத் திருப்பத்தூர் நிலத்தை விற்காதீர்கள். "வேற எதைப் படிச்சாலும் யாரு மதிப்பா?" என்று கேட்கும் உங்கள் அண்ணன் ஃபீஸில் ஒரு பைசா கட்டப்போவதில்லை. உங்கள் மகளோ அந்த ஒரு மணி நேரத்தில் அந்தப் படிப்பின் பேரைக்கூட எடுக்கவில்லை.

அவள் பேசியதெல்லாம் மழை. எந்தத் தெருவில் முழங்கால் வரை தண்ணீர் நின்றது, எப்போது வடிந்தது என்று நோட்டில் குறித்து வைத்திருக்கிறாள். நீங்கள் கிறுக்கு என்றீர்கள். எனக்குப் பிடி கிடைத்ததே அங்கேதான்.

பொறியியல், பி.காம் வழிகளைச் சொல்ல ஊரில் ஆள் நிறைய. ஜியோஇன்ஃபர்மேடிக்ஸ் என்று ஒன்று இருப்பதை யாரும் சொல்வதில்லை. இடம் சார்ந்த தகவலைக் கணினியில் கையாளும் படிப்பு அது. கிண்டியில் அண்ணா பல்கலைக்கழகத்தில் பி.இ.யாகவே உண்டு. டேராடூனில் இஸ்ரோவின் கீழ் இருக்கும் ஐஐஆர்எஸ் என்ற தொலையுணர்வு நிறுவனம் இலவச ஆன்லைன் வகுப்புகள் நடத்துகிறது.

சேர்வதற்கு முன்னால் வீட்டிலேயே செலவில்லாமல் ஒன்று செய்து பார்க்கலாம். லீஃப்லெட் என்ற இலவச மேப் லைப்ரரி, அதாவது வலைப்பக்கத்தில் மேப் காட்டுவதற்கான தயார் நிரல் தொகுப்பு, 2011 முதல் இருக்கிறது. அதை வைத்துச் செய்த ஸ்டார்ட்டர் டெம்ப்ளேட்டுகள், அதாவது பாதி செய்து வைத்த மாதிரிகள், நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் கிடைக்கும். இறக்கிப் பிரித்தால் உள்ளே பெரும்பாலும் பக்கத்துக்கு ஒரு ஹெச்டிஎம்எல், தோற்றத்துக்கு ஒரு சிஎஸ்எஸ், இயக்கத்துக்கு ஒரு ஜாவாஸ்கிரிப்ட், இடங்களின் தகவலுக்கு ஒரு ஜியோஜேசான் ஃபைல், அவ்வளவுதான். புள்ளி வைத்த கோலம் மாதிரி. இழையை அவள்தான் இழுக்க வேண்டும். மேப்பின் நடுவில் அட்சரேகை 12.98, தீர்க்கரேகை 77.62 என்று அல்சூர் ஏரியை வைத்து, நோட்டில் இருக்கும் தெருக்களை ஒவ்வொன்றாக ஏற்றட்டும். தொட்டால் எத்தனை அடி தண்ணீர் என்று பாப்அப் வர வேண்டும். அடியில் வரும், மேப் தகவலைத் தரும் இலவசத் திட்டமான ஓபன்ஸ்ட்ரீட்மேப்பின் பேரை மட்டும் அழிக்கக் கூடாது, அது உரிம நிபந்தனை.

முதலில் கட்டாயம் சொதப்பும். லீஃப்லெட் அட்சரேகையை முதலில் கேட்கும்; ஜியோஜேசானில் தீர்க்கரேகைதான் முதலில். மாற்றிப் போட்டால் அல்சூர் தெரு ஆர்க்டிக் கடலில், நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுகளுக்குப் பக்கத்தில் போய் விழும். அப்போது லேப்டாப்பை மூடிவிட்டு எழுந்து போகிறாளா, எந்த எண் இடம் மாறியது என்று தேடுகிறாளா? எந்த மார்க் ஷீட்டும் இதைக் காட்டாது.

டெம்ப்ளேட்டில் பேரை மாற்றத் தெரிந்தால் வேலை கிடைத்துவிடாது. பைத்தான் நிரல்மொழி, டேட்டாபேஸ், கியூஜிஐஎஸ் என்ற மேப் மென்பொருள் எல்லாம் படித்தாக வேண்டும். ஆரம்பச் சம்பளமும் உங்கள் அண்ணன் சொல்லும் தொகையாக இருக்காது. ஆனால் கடன் இல்லாமல் தொடங்குகிறவளுக்குச் சின்னச் சம்பளம் ஒரு பாரமில்லை.

சனிக்கிழமை நோட்டும் லேப்டாப்பும் எடுத்துக்கொண்டு அவளை அனுப்புங்கள். நீங்களும் வரலாம். மாமா வேண்டாம்.