டோர் பேட் விரிசல்: பசை வாங்கும் முன் பிளாஸ்டிக்கைத் திருப்பிப் பாருங்கள்

கடலூர் தேவனாம்பட்டினத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "என்னுடையது 2007 மாடல் சான்ட்ரோ ஜிங். ஷெட் இல்லை, வருஷம் முழுக்க வெயிலில்தான் நிற்கிறது. டிரைவர் பக்க டோர் பேடில் (கதவின் உள்பக்க பிளாஸ்டிக் மூடி) கைப்பிடிக்குக் கீழே ஒரு ஜாண் நீளத்துக்கு விரிசல். கியர் கன்சோலில் ஸ்க்ரூ மாட்டும் காது ஒன்று உடைந்து ஆடுகிறது. டேஷ்போர்டில் சென்ட் பாட்டில் வைத்திருந்த இடத்திலும் கீறிவிட்டது. டோர் பேடில் ஃபெவிக்விக் போட்டேன், நாலே நாளில் விட்டுவிட்டது. பட்டறையில் மூன்றையும் மாற்றச் சொல்கிறார்கள். ஒட்ட முடியாதா?"

மூன்றுக்கும் ஒரே பதில் கிடையாது. கன்சோல் காதைப் பெரும்பாலும் ஒட்டிவிடலாம். டோர் பேடை ஒட்டுவதா, சூடு வைத்து இணைப்பதா என்பதை அந்த பிளாஸ்டிக்தான் சொல்ல வேண்டும். டேஷ்போர்டு விரிசலை ஒட்டப் போகாதீர்கள், அதை மூடிவிடலாம்.

நாலு நாளில் பசை விட்டது என்றீர்களே, அதிலேயே பாதி பதில் இருக்கிறது. காருக்குள் இருக்கும் பிளாஸ்டிக் பெரும்பாலும் ஏபிஎஸ் அல்லது பாலிபுரொப்பிலீன், அதாவது பிபி. ஏபிஎஸ் பசையை ஏற்கும். பிபி ஏற்காது. தாமரை இலையில் தண்ணீர் நிற்பது போல பசை அதன் மேல் உட்கார்ந்திருக்கும், உள்ளே பிடிக்காது. உங்கள் டோர் பேட் பிபி ஆக இருக்கும் என்பது என் சந்தேகம். அதை நீங்களே உறுதி செய்துகொள்ளலாம்.

பேடைக் கழற்றிப் பின்பக்கம் திருப்புங்கள், கழற்றும் விதத்தைக் கடைசியில் சொல்கிறேன். பல பாகங்களில் இரண்டு அம்புக்குறிகளுக்கு நடுவே ஏபிஎஸ் என்றோ பிபி என்றோ ஆங்கில எழுத்து வார்ப்பிலேயே பதிந்திருக்கும். பிபி-க்குப் பக்கத்தில் டி20 என்று இருந்தால் 20 சதவீதம் டால்க் தூள் கலந்தது என்று அர்த்தம். எழுத்து இல்லையென்றால் பின்பக்க ஓரத்தில் நகக்கண் அளவு சீவி எடுத்து, பஞ்சில் அசிட்டோன் என்ற கரைப்பானை நனைத்துத் தேயுங்கள். பிசுபிசுவென்று விரலில் ஒட்டினால் ஏபிஎஸ். ஒன்றுமே ஆகவில்லை என்றால் பிபி. இன்னும் சந்தேகமா? அசிட்டோன் தொடாத வேறொரு சீவலை இடுக்கியில் பிடித்து, அசிட்டோன் பாட்டிலைத் தள்ளி வைத்துவிட்டு வெளியில் கொளுத்துங்கள். கரும்புகையும் மூக்கைத் துளைக்கும் நெடியும் வந்தால் ஏபிஎஸ், மெழுகுவத்தி அணைந்த வாசம் வந்தால் பிபி. தண்ணீரில் மிதந்தால் பிபி என்று சிலர் சொல்வார்கள். வெறும் பிபி மிதக்கும், டால்க் நிறையக் கலந்தது மூழ்கிவிடும். காரில் அந்தச் சோதனையை நம்ப வேண்டாம்.

கன்சோல் ஏபிஎஸ் என்று தெரிந்தால் நிம்மதி. காயலான் கடையில் பழைய கம்ப்யூட்டர் மானிட்டரின் கூடு கிடைக்கும், பின்னால் ஏபிஎஸ் என்று இருப்பதைப் பார்த்து ஒரு துண்டு வாங்கிக்கொள்ளுங்கள். பொடிப்பொடியாக நறுக்கிக் கண்ணாடி பாட்டிலில் போட்டு, மூழ்கும் அளவுக்கு அசிட்டோன் ஊற்றி இறுக மூடி ஒரு ராத்திரி விடுங்கள். காலையில் தோசை மாவு பதத்துக்கு வந்திருக்கும். இது வெறும் பசை இல்லை. உடைந்த பாகத்தையும் லேசாகக் கரைத்து அதனோடு ஒன்றாகிவிடும். அசிட்டோன் குப்பென்று பற்றிக்கொள்ளும், அதனால் திறந்த இடத்தில், அடுப்பும் பீடியும் பக்கத்தில் இல்லாமல் வேலை செய்யுங்கள்.

உடைந்த காதை அதன் இடத்தில் பொருத்தி, வேரைச் சுற்றி இந்தக் குழம்பை இரண்டு மூன்று தடவை, ஒவ்வொன்றும் காய்ந்த பிறகு பூசுங்கள். முழுசாக இறுக இரண்டு நாள் வேண்டும். அவசரப்பட்டு ஸ்க்ரூ போட்டால் மறுபடி உடையும். ஸ்க்ரூவுக்கு அடியில் வாஷர் வைத்துக் கையால் இறுக்கினால் போதும். சமையல் சோடாவைத் தூவி ஃபெவிக்விக் விடும் வழியும் உண்டு, நொடியில் கல்லாகிவிடும். ஆனால் வளையாது, அதிர்வில் விரிசல் விடும்.

சரி, டோர் பேடுக்கு வருவோம். விரிசல் மேலும் ஓடாமல் இருக்க அதன் முனையில் 2 மில்லிமீட்டர் துளை ஒன்று போடுங்கள். முன்பக்கம் டேப் ஒட்டி விரிசலைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, மிச்ச வேலை எல்லாமே பின்பக்கம்தான். ஏபிஎஸ் என்றால் உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி அதே குழம்பைப் பூசி, நடுவில் கண்ணாடி நார்த் துணி ஒரு பட்டை வைத்து மேலே இன்னொரு பூச்சு. அந்தத் துணிக்கு நீங்கள் அலைய வேண்டியதில்லை, உங்கள் ஊரில் ஃபைபர் படகு பழுது பார்ப்பவர்களிடம் கேட்டால் ஒரு துண்டு கிடைக்கும்.

பிபி என்றால் பசையை மறந்துவிட்டு சால்டரிங் அயர்னை எடுங்கள். எவர்சில்வர் டீ வடிகட்டியின் வலையை ஒரு விரல் அகலப் பட்டையாக வெட்டி, விரிசலுக்குக் குறுக்காக வைத்து, சூடான முனையால் மெல்ல அழுத்துங்கள். வலை பிளாஸ்டிக்குக்குள் இறங்கி மறையும். பிபி 160 டிகிரி வாக்கில் உருகிவிடும், அயர்ன் முனையோ 300-ஐத் தாண்டும். அதனால் தொட்டு எடுப்பதுதான் பக்குவம். புகை வந்தால் கருகுகிறது, உடனே கையை எடுங்கள். ஓரிடத்தில் ரொம்ப நேரம் வைத்தால் முன்பக்கத்தில் பள்ளம் விழுந்துவிடும். என் ஆரம்ப நாட்களில் ஒருவருடைய பேடில் நான் அப்படி விட்ட பள்ளத்தை எந்தப் பட்டியாலும் (பள்ளம் நிரப்பும் பூச்சு) மறைக்க முடியவில்லை, வேறு பேட் வாங்கிக் கொடுத்தேன். முதலில் பழைய வாளித் துண்டு ஒன்றில் பழகுங்கள். வாளியின் அடியில் முக்கோணத்துக்குள் 5 என்று இருந்தால் அதுவும் பிபிதான், அதையே கீற்றாக வெட்டி உருக்கி வலையின் மேல் நிரப்பவும் செய்யலாம். இதெல்லாம் கைவராது என்று தோன்றினால் பம்பர் வெல்டிங் செய்பவரிடம் கொடுங்கள், அவருக்கு இது சின்ன வேலை.

டேஷ்போர்டில் விரிசல் விட்டதற்குக் காரணம் வெயில் மட்டும் என்று நினைக்காதீர்கள். சென்ட் பாட்டிலில் இருக்கும் எண்ணெயும் கரைப்பானும் சிந்தினால் பிளாஸ்டிக்கை உள்ளே அரித்துவிடும். கத்திரி வெயிலில் மூடிய காரின் டேஷ்போர்டு 70 டிகிரியைத் தொடும், ராத்திரி 28-க்கு இறங்கும். தினமும் இப்படி விரிந்து சுருங்கும் இடத்தில் எந்தப் பட்டியும் தங்காது. குஷன் கடையில் ரெக்ஸின் போர்த்தித் தருவார்கள், இல்லையென்றால் அளவெடுத்த டேஷ்போர்டு மேட் போடுங்கள்.

இதே வேலையை ஏர்பேக் உள்ள காரில் செய்ய நினைப்பவர்கள் தயவுசெய்து நில்லுங்கள். டேஷ்போர்டிலோ, கண்ணாடிக்குப் பக்கத்துத் தூணை மூடும் பில்லர் டிரிமிலோ ஏர்பேக் என்ற எழுத்து இருந்தால் அந்த மூடியின் மேல் பசை, ரெக்ஸின், மேட் எதுவும் கூடாது. அது கண நேரத்தில் கிழிந்து திறக்க வேண்டிய இடம். அங்கே விரிசல் என்றால் புதுப் பாகம்தான், அதையும் கம்பெனி சர்வீஸில்தான் மாட்ட வேண்டும்.

பேட் பல இடங்களில் நொறுங்கியிருந்தால் பழைய பாகம் வாங்குவது மேல். சான்ட்ரோ ஜிங் 2014 வரை தயாரான மாடல், ரோட்டில் நிறைய இருந்த வண்டி, அதனால் தேடினால் கிடைக்கும். புதுப்பேட்டைக்குப் போங்கள். பண்ருட்டிக்குப் பக்கத்துப் புதுப்பேட்டை இல்லை, சென்னையில் எழும்பூர்ப் பக்கம் இருப்பது. உங்கள் பழைய பேடைக் கையோடு எடுத்துப் போய், கிளிப் துளையும் பவர் விண்டோ ஸ்விட்ச் வெட்டும் பொருந்துகிறதா என்று மேலே வைத்துப் பாருங்கள். வண்டி வருஷத்தைச் சொல்லி மட்டும் வாங்கினால் ஏமாறுவீர்கள்.

கழற்றுவதற்கு முன் வண்டியை ஒரு மணி நேரம் வெயிலில் விடுங்கள். சூட்டில் பிளாஸ்டிக் வளைந்து கொடுக்கும், மார்கழிக் காலையில் இழுத்தால் காதோடு வரும். கைப்பிடிக் குழிக்குள் ஒளிந்திருக்கும் ஸ்க்ரூவை எடுத்த பிறகே கீழ் ஓரத்திலிருந்து நெம்புங்கள். கிளிப் நாலைந்து எப்படியும் உடையும், ஒரு டஜன் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம், பேடுக்குப் பின்னால் கதவில் ஒரு பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்கும். வேண்டாத குப்பை என்று பலர் கிழித்துப் போட்டுவிடுகிறார்கள். கண்ணாடி வழியாக இறங்கும் மழைத் தண்ணீர் உள்ளே வராமல் தடுப்பது அதுதான். கிழிந்திருந்தால் கெட்டியான பாலிதீன் தாள் ஒன்றை அதே அளவுக்கு வெட்டி, ஓரம் முழுக்க ஒட்டிவிட்டுப் பேடை மாட்டுங்கள்.