லினக்ஸில் 127 டிகிரி காட்டுகிறது, கணினி எரிந்துவிடுமா?

காட்பாடியில் கத்திரி வெயில் நேரத்தில், கணினியின் வெப்பநிலையைக் காட்டும் சென்சார்ஸ் (sensors) கட்டளையை ஓட்டினால் ஒரு வரி 127, இன்னொன்று 27.8, கோர் (Core) வரிகள் 68 என்று வருகிறது, எதை நம்புவது என்று கேட்டிருக்கிறீர்கள். பயப்படாதீர்கள், கோர் வரிகளை நம்புங்கள்.

அந்தக் கோர் வரிகள், கோர்டெம்ப் (coretemp) என்ற தலைப்பின் கீழ் வருபவை, இன்டெல் ப்ராசஸருக்குள்ளேயே இருக்கும் உணரியின் அளவு. பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் 'கிரிட்' என்று 100 போல ஓர் எண் இருக்கும், அதுதான் எல்லை, அதை எட்டும்போது ப்ராசஸர் தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அதனால் இந்த வெயிலில் 68 சாதாரணம். ஏஎம்டி ப்ராசஸர் என்றால் கே10டெம்ப் (k10temp) என்ற தலைப்பைத் தேடுங்கள்.

ஆக்ஸ்டின் (AUXTIN) வரியில் வரும் 127, பெரும்பாலும் மதர்போர்டு சிப்பில் உணரி எதுவும் இணைக்காமல் விட்ட முனை காட்டும் வெற்று எண். சோதிக்க எளிய வழி: கணினிக்கு வேலை கொடுங்கள், எண் அசையவே இல்லையென்றால் அது பொய்.

அந்த 27.8-ம் அப்படித்தான். உங்கள் அறையே 36 டிகிரி இருக்கும்போது, வெறும் காற்றாடி வைத்த கணினிக்குள் அதைவிடக் குளிர்ச்சி எப்படி வரும்? நம் வேலூர் வெயிலே நல்ல அளவுகோல்!

அப்புறம், ஃபேன் 0 என்று இருந்தால் மூடியைத் திறந்து ஒருமுறை கண்ணால் பாருங்கள், காலியான இணைப்பும் 0 தான் காட்டும், தூசியில் நின்றுபோன ஃபேனும் 0 தான் காட்டும்.