வாசகர் கேள்வி–பதில்: மலைப்பாதைக்கும் வேட்டைக்கும் ஏற்ற பூட்ஸ்

கேள்வி: மலைப்பாதைகளில் நெடுந்தூரம் நடப்பது என் வழக்கம். அனுமதிக்கப்பட்ட பருவத்தில் வேட்டைக்கும் செல்வதுண்டு. இரண்டுக்கும் ஒரே ஜோடி பூட்ஸ் போதுமா, தனித்தனியாக வாங்க வேண்டுமா?

பதில்: இரண்டும் காட்டுக்குள் நடப்பதுதான் என்றாலும், காலுக்கு அவை கொடுக்கும் வேலை ஒன்றல்ல. நெடுந்தூரம் நடப்பவரின் உடல் ஓயாமல் வெப்பத்தை உண்டாக்குகிறது, பாதம் வியர்க்கிறது, அவருக்கு எடை குறைந்த, காற்றோட்டமுள்ள, முன்பாதம் எளிதில் மடங்கும் காலணி வேண்டும். வேட்டைக்குச் செல்பவரோ பாதையை விட்டு விலகிப் புதருக்குள்ளும் சரிவிலும் மெதுவாக நகர்கிறார், விடியுமுன்பே பனி நனைத்த புல்லில் மணிக்கணக்காக அசையாமல் நிற்கிறார், திரும்பும்போது பெரும்பாலும் முதுகில் கனத்த சுமையோடு இறங்குகிறார். அவருக்கு முள் கிழிக்காத மேற்பகுதியும், எளிதில் முறுக்கிக்கொள்ளாத அடிப்பகுதியும், ஓரளவு வெதுவெதுப்பும் தேவை.

இந்த வெதுவெதுப்பில்தான் பலர் தவறான முடிவெடுக்கிறார்கள். வேட்டைக்கான பூட்ஸ்களில் 200, 400, 800 கிராம் என்று எழுதியிருப்பது, உள்ளே வைத்துத் தைத்த வெப்பக்காப்புத் துணி ஒரு சதுர மீட்டருக்கு எவ்வளவு எடை இருக்கும் என்பதைக் காட்டும் அளவு. பூட்ஸின் எடை அதுவன்று. எண் கூடக்கூடக் கதகதப்பும் கூடும் என்பது உண்மைதான், ஆனால் அது நின்றுகொண்டிருப்பவருக்கே பொருந்தும். 800 கிராம் பூட்ஸை மாட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் மேடேறினால், வியர்வையில் காலுறை முழுவதும் நனைந்துவிடும். பிறகு அசையாமல் உட்காரும்போது அந்த ஈரமே பாதத்தின் வெப்பத்தை உறிஞ்சிவிடுவதால், மெல்லிய பூட்ஸ் அணிந்தவரைவிட இவருக்கே முதலில் கால் விறைக்கும்.

ஆகவே ஒரே ஜோடிதான் வாங்க முடியும் என்றால், நடையை முன்வைத்துத் தேர்ந்தெடுங்கள் என்பதே என் கருத்து. வெப்பக்காப்பு இல்லாத, ஏறத்தாழ 8 அங்குல உயரமுள்ள, நடுத்தர விறைப்புள்ள தோல் பூட்ஸ் இரண்டு வேலைக்கும் ஒத்துவரும். பையில் ஒரு ஜோடி கனமான கம்பளிக் காலுறையை வைத்திருந்து, உட்காரும் இடத்தை அடைந்ததும் மாற்றிக்கொண்டால் பாதிக் குளிர் போய்விடும். மாற்றிய பிறகும் விரல்கள் நெரியாத அளவுக்குப் பூட்ஸில் இடம் இருக்க வேண்டும். இறுகிய காலுறை இரத்த ஓட்டத்தைக் குறைத்துக் குளிரைக் கூட்டவே செய்யும். உறைபனியில் நாள் முழுவதும் நிற்பவருக்கும், சதுப்பு நிலத்தில் முழங்கால்வரை இறங்குபவருக்கும் இந்தச் சமரசம் உதவாது. முன்னவருக்குத் தடித்த வெப்பக்காப்புள்ள பூட்ஸும் பின்னவருக்கு உயரமான ரப்பர் பூட்ஸும் தனியாகவே தேவைப்படும்.

எடையையும் மறந்துவிடாதீர்கள். காலில் கூடும் ஒரு கிலோ, முதுகில் ஏற்றிய ஏறத்தாழ ஐந்து கிலோவுக்குச் சமமான உழைப்பை உடலிடம் கேட்கிறது என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. உறுதிக்காக எடையை ஏற்றுக்கொள்ளலாம்; பார்வைக்கு முரட்டுத்தனமாக இருக்கிறது என்பதற்காக ஏற்றுக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: என் வழக்கமான அளவிலேயே வாங்கினாலும் இறக்கத்தில் கால்விரல் நகங்கள் கறுத்துவிடுகின்றன. ஒரு எண் பெரிதாக வாங்கினால் குதிகால் நழுவிக் கொப்புளம் வருகிறது. என்ன செய்வது?

பதில்: எண்ணைப் பார்த்து வாங்குவதை முதலில் நிறுத்துங்கள். ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு பாத அச்சை வைத்து, அதன் மீதுதான் பூட்ஸை உருவாக்குகிறது. ஒருவரின் 9-ஆம் எண்ணும் மற்றவரின் 9-ஆம் எண்ணும் நீளத்தில் ஒத்துப்போனாலும் அகலத்தில், குதிகால் குறுக்கத்தில், பாதத்தின் மேற்புற உயரத்தில் வேறுபடும். 1920-களில் சார்லஸ் பிரானாக் உருவாக்கிய பாத அளவுகருவி இன்றும் கடைகளில் பயன்படுகிறது. அது பாதத்தின் முழு நீளத்தையும் அகலத்தையும் காட்டுவதோடு, குதிகாலிலிருந்து பெருவிரல் மூட்டு வரையுள்ள தூரத்தையும் தனியாகக் காட்டும். பூட்ஸ் மடங்கும் இடமும் உங்கள் பாதம் மடங்கும் இடமும் பொருந்துகின்றனவா என்பதை இந்த மூன்றாவது அளவுதான் சொல்லும். விரல்கள் நீண்டவருக்கும் குட்டையானவருக்கும் முழு நீளம் ஒன்றாக இருந்தாலும், பொருந்தும் பூட்ஸ் ஒன்றாக இருப்பதில்லை.

பாதம் பகல் முழுவதும் சற்று வீங்குவதால் மாலையில் போட்டுப் பாருங்கள். நடையின்போது அணியும் அதே காலுறையோடு சென்று, இரண்டு பாதங்களில் பெரியதற்கே அளவு பாருங்கள். நாடாவைக் கட்டாமல், விரல்கள் முன்னால் தொடும்வரை பாதத்தை நகர்த்தி நிற்கும்போது, குதிகாலுக்குப் பின்னால் ஒரு விரல் நுழையும் இடைவெளி இருந்தால் நீளம் சரி. பிறகு நாடாவை இறுக்கிக் கட்டிக்கொண்டு சரிவான பலகையிலோ படியிலோ இறங்கிப் பாருங்கள். விரல் நுனி முன்பக்கத்தில் இடித்தால், அதை எத்தனை பேர் புகழ்ந்திருந்தாலும் விட்டுவிடுங்கள்.

உங்கள் சிக்கல், முன்பாதம் அகன்றும் குதிகால் குறுகியும் இருப்பவர்களுக்கு வருவது. பெரிய எண்ணுக்குப் போவதைவிட, அதே எண்ணில் அகலம் கூடிய வடிவம் கிடைக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். நாடா கட்டும் விதமும் பெரிதும் உதவும். பாதம் கணுக்காலோடு சேரும் வளைவில், இரண்டு நாடாக்களையும் ஒன்றோடொன்று இரண்டு மூன்று முறை சுற்றி இறுக்கினால், அங்கே ஒரு பூட்டு விழுந்ததுபோலாகும்; அதற்குக் கீழே விரல்களுக்குத் தளர்வும் மேலே கணுக்காலுக்கு இறுக்கமுமாக நீங்கள் விரும்பியபடி வைத்துக்கொள்ளலாம். கொப்புளத்துக்குப் பருத்திக் காலுறையும் ஒரு காரணம். ஈரத்தைப் பிடித்துவைத்துத் தோலை ஊறச்செய்யும் பருத்தியைத் தவிர்த்து, கம்பளியோ செயற்கை இழையோ கலந்ததை அணியுங்கள்.

கேள்வி: நீண்ட காலம் உழைக்கும் பூட்ஸை வாங்கும்போதே அடையாளம் காண முடியுமா? நான் சில ஆண்டுகள் அலமாரியிலேயே பத்திரமாக வைத்திருந்த ஒரு ஜோடி, வெளியே எடுத்த முதல் நாளே அடிப்பகுதி பெயர்ந்து போனது.

பதில்: உங்கள் பூட்ஸ் கெட்டது அது அலமாரியிலேயே கிடந்ததால்தான். பாதத்துக்கும் தரையைத் தொடும் ரப்பருக்கும் நடுவே மெத்தையாக இருக்கும் அடுக்கு, பல பூட்ஸ்களில் பாலியூரித்தேனால் ஆனது. காற்றிலுள்ள ஈரப்பதம் அந்தப் பொருளின் மூலக்கூறுகளைச் சிறிது சிறிதாக உடைத்துக்கொண்டே இருக்கும். பயன்படுத்தாமல் வைத்தாலும் இது நிற்பதில்லை. சூடும் ஈரமும் உள்ள இடத்தில், காற்றுப் புகாத பெட்டிக்குள் வைத்தால் இன்னும் விரைவாக நடக்கும். வெளியே எந்தக் குறையும் தெரியாது; ஒரு நாள் நடக்கும்போது அந்த அடுக்கு பொடியாக உதிரும். நல்ல நாளுக்கென்று பூட்ஸை எடுத்துவைப்பதில் பொருளில்லை, வாங்கியதை அணிந்து நடப்பதே அதற்குப் பாதுகாப்பு. இதற்கு மாற்றாக வரும் ஈ.வி.ஏ. நுரை இப்படி உதிராது, எடையும் குறைவு. ஆனால் கனமான சுமையோடு நடப்பவரின் காலடியில் அது சீக்கிரம் அமுங்கித் தட்டையாகிவிடும்.

வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது, மேற்பகுதியும் அடிப்பகுதியும் எப்படிச் சேர்க்கப்பட்டிருக்கின்றன என்பதை. பசையால் ஒட்டியவை இலேசானவை, தொடக்கத்திலிருந்தே வளைந்து கொடுப்பவை. எனினும் பசை விட்டாலோ ரப்பர் தேய்ந்தாலோ அவற்றில் பெரும்பாலானவற்றைச் சரிசெய்வது கடினம். சுற்றுவிளிம்பில் ஒரு தோல் பட்டையை வைத்துத் தைக்கும் 'குட்இயர் வெல்ட்' முறையில் செய்தவை கனமானவை, பழகச் சில வாரங்கள் எடுப்பவை. ஆனால் தேய்ந்த அடிப்பகுதியைப் பிரித்துப் புதியதைத் தைத்துக்கொள்ளலாம் என்பதால் மேல்தோல் உழைக்கும்வரை பூட்ஸும் உழைக்கும். மேல்தோலில், மேற்பரப்பு சீவப்படாத முழுத்தோலே முள்ளையும் பாறையையும் அதிகம் தாங்கும். பிளந்தெடுத்த உள்தோல் விரைவில் தளர்ந்துவிடும். தையல் வரிசைகள் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. பெரும்பாலும் முதலில் அறுவது தோலைவிடத் தையல்தான்.

தரையைப் பற்றும் ரப்பர் அடிப்பகுதிக்கு ஒரு துயரமான பின்னணி உண்டு. 1935-இல் இத்தாலிய ஆல்ப்ஸில் பொருத்தமற்ற காலணிகளோடு ஏறி வானிலையில் சிக்கிய ஆறு நண்பர்களை இழந்த விட்டாலே பிராமானி, ஆணியடித்த பூட்ஸுக்கு மாற்றாக ஆழமான கட்டங்கள் கொண்ட ரப்பர் அடிப்பகுதியை உருவாக்கினார். அவருடைய பெயரின் சுருக்கமே, இவ்வகை அடிப்பகுதிகளில் காணும் விப்ரம் என்ற வணிகப்பெயர். இன்று பல நிறுவனங்கள் செய்யும் இவ்வகை அடிப்பகுதிகளில், சேற்றுக்கு இடைவெளி அகன்ற கட்டங்களும், ஈரப்பாறைக்குச் சற்று மென்மையான ரப்பரும் ஏற்றவை. மென்மையானது விரைவாகத் தேயும் என்பதையும் சேர்த்தே எண்ணிப் பார்க்க வேண்டும்.

கேள்வி: நீர் புகாத சவ்வு வைத்த பூட்ஸ் அவசியமா?

பதில்: குளிரும் ஈரமும் உள்ள இடத்தில் அவசியம், வெப்பமான இடத்தில் பெரும்பாலும் வேண்டாம். 1969-இல் கண்டறியப்பட்ட கோர்-டெக்ஸ் போன்ற சவ்வுகளின் நுண்துளைகள் நீர்த்துளியைத் தடுத்து நீராவியை வெளியே விடும் அளவுக்குச் சிறியவை. ஆனால் நீராவி வெளியேற, வெளிப்புறத் துணியோ தோலோ நீரில் ஊறாமல் இருக்க வேண்டும். வெளிப்பூச்சு தேய்ந்து மேற்பகுதி ஊறிவிட்டால், மழை உள்ளே வராவிட்டாலும் உங்கள் வியர்வையே காலை நனைக்கும். ஓடையில் மேல்விளிம்பு வழியாகப் புகுந்த நீரும் எளிதில் வெளியேறாது, சவ்வுள்ள பூட்ஸ் காயவும் நேரமாகும்.

கேள்வி: உயரமான பூட்ஸ் கணுக்கால் சுளுக்கைத் தடுக்குமா?

பதில்: உறுதியாகத் தடுக்கும் என்று சொல்ல முடியாது. உயரம் முள், கல், சேறு ஆகியவற்றிலிருந்து காக்கும். சுளுக்கைத் தவிர்ப்பதில் எளிதில் முறுகாத அடிப்பகுதிக்கும் நன்றாகக் கட்டிய நாடாவுக்கும் பழகிய காலுக்கும் பங்கு கூடுதல்.

கேள்வி: நனைந்த தோல் பூட்ஸை நெருப்பருகே வைத்துக் காயவைக்கலாமா?

பதில்: கூடாது. அதிகச் சூட்டில் தோல் சுருங்கி வெடிக்கும், பசையும் இளகும். சேற்றைக் கழுவி, உள்மெத்தையை வெளியே எடுத்து, உள்ளே செய்தித்தாளைத் திணித்து, அது ஈரமானதும் மாற்றி, நிழலில் காற்றோட்டமான இடத்தில் காயவிடுங்கள். முழுவதும் காய்ந்த பின் தோலுக்கான களிம்பை மெல்லியதாகத் தடவினால் போதும். அளவுக்கு மீறித் தடவினால் தோல் தொளதொளத்து, கால் பிடிப்பே போய்விடும்.