நியூஸ் ரீலில் கேட்காத குரல்

அன்புள்ள சார்,

சின்ன வயதில் எங்கள் ஊர் டூரிங் கொட்டகையில் மெயின் படத்துக்கு முன்னால் நியூஸ் ரீல் ஓடும். இப்போது யூடியூபில் அந்தப் பழைய ரீல்களைத் தேடிப் பார்த்தேன். மந்திரி அடிக்கல் நாட்டுகிறார், அணை திறக்கிறார்கள், வெள்ளம் வருகிறது. எங்களைப் போன்றவர்கள் கும்பலாக மட்டுமே வருகிறோம். நாங்கள் வாழ்ந்த வாழ்க்கையை ஏன் எடுக்கவில்லை?

கே., மானாமதுரை

அன்புள்ள கே.,

எடுக்கத்தான் செய்தார்கள். பேச விடவில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

அந்தக் காலத்தில் உலகம் முழுக்க நியூஸ் ரீல் எடுத்தவர்கள் அதிகம் நம்பிய கேமரா ஐமோ. கடிகாரம் மாதிரி சாவி கொடுத்து ஓட்ட வேண்டும். 100 அடி பிலிம் போட்டால் ஒரு நிமிடத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக ஓடும். ஒலி பதிவாகாது. ரிப்பன் வெட்டுவதை எடுக்க அது தாராளம். குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு ஒரு பெண் காத்திருக்கும் காலைப்பொழுது அதில் எப்படி அடங்கும்? அப்புறம், நம் நாட்டில் எடுத்த பிலிம் பம்பாய்க்குப் போகும். அங்கே வெட்டி ஒட்டி, இசை சேர்த்து, மொழிக்கு மொழி வர்ணனை பேசுவார்கள். விவசாயி வாயசைப்பது தெரியும். கேட்பது வர்ணனையாளரின் குரல்.

பணமும் ஒரு காரணம். போர் நடந்த 1943-இல் பிரிட்டிஷ் அரசு தன் செய்திப்படங்களைத் தியேட்டர்களில் கட்டாயமாக்கியது. 1948-இல் செய்திப்படம், ஆவணப்படம் எடுக்க மத்திய அரசின் பிலிம்ஸ் டிவிஷன் வந்தபோதும் அதே முறைதான். தியேட்டர்காரர் திரையிட்டே ஆக வேண்டும், வாடகையும் கட்ட வேண்டும். கொட்டகையில் உட்கார்ந்திருந்த உங்களுக்குப் பிடிக்கிறதா என்று யாரும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

இதற்கு நேர்மாறாக, இங்கிலாந்தின் பிளாக்பர்ன் நகரில் மிட்செல், கென்யன் என்று படம் எடுக்கும் இரண்டு பேர் இருந்தார்கள். 1900-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஆலை வாசலில் கேமராவை வைத்து, வேலை முடிந்து வெளியே வருகிறவர்களை எடுத்தார்கள். படத்தை வாங்கிய திருவிழாக் கொட்டகைக்காரர்கள், 'வந்து உங்களையே பாருங்கள்' என்று அதே மக்களிடம் டிக்கெட் விற்றார்கள். எவ்வளவு முகம் விழுகிறதோ அவ்வளவு வசூல். அதனால் சால்வை போர்த்திய பெண்கள், கேமராவைப் பார்த்துக் குதிக்கும் பையன்கள் என்று ஒவ்வொருவரும் தனித்தனியாகத் தெரிகிறார்கள். 1994-இல் ஒரு கடையின் நிலவறையில் அந்த இருவரும் எடுத்த 800-க்கும் மேற்பட்ட நெகட்டிவ்கள் கிடைத்தன. எனக்கு அவை பொக்கிஷம்.

சரி, நம் ஊரில் யாரும் பேசவே இல்லையா என்றால், பேசினார்கள். 1967-இல் அதே பிலிம்ஸ் டிவிஷனில் எஸ்.என்.எஸ். சாஸ்திரி 'ஐ ஆம் 20' என்ற ஆவணப்படம் எடுத்தார். நாடு விடுதலையான ஆண்டில் பிறந்து 20 வயதை எட்டியவர்கள் தங்கள் ஆசையையும் கோபத்தையும் தங்கள் வாயாலேயே சொல்கிறார்கள். அவசியம் பாருங்கள்.

பழைய ரீல்களையும் விட்டுவிடாதீர்கள். ஒருமுறை ஒலியை நிறுத்திவிட்டு, மந்திரியை விட்டுவிட்டுக் கும்பலின் ஓரத்தைப் பாருங்கள். யாராவது ஒருவர் கேமராவையே பார்த்துக்கொண்டிருப்பார். உங்கள் ஊர்ப்பக்கம் எடுத்தது எதிலாவது கண்ணில் பட்டால் எனக்கும் எழுதுங்கள்.